பாதி எரிந்த மெழுகு

கணவாய்ப்பேட்டையில் மலையை ஒட்டிக் கிடக்கும் சூசையப்பர் தெருவில் ஒன்பது மரப்பட்டறைகள் இருந்தன. ஒன்பதிலும் ரம்ப மேசைகள் இருந்தன. அந்த இரும்பு மேசைகளின் மேல் மரம் தடையின்றி வழுக்கிச் செல்வதற்காகத் தேய்க்கப்படும் மெழுகு, ஊரின் இறந்தவர்களிடமிருந்து வந்தது. இதைக் கேட்டு வெளியூரார் முகம் சுளிப்பதுண்டு. தெருவுக்கு அதில் சுளிக்க எதுவும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடித் தன் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் பேசிவிட்டு வரும். மறுநாள் காலையில், கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை கபிரியேல் அங்கே போய், அணைந்து கிடக்கும் துண்டுகளையெல்லாம் மீண்டும் ஏற்றி, திரி அடிவரை எரிந்து தானாக அடங்கும்வரை குந்தியிருந்து, கல்லில் வழிந்து உறைந்ததைக் கரண்டியால் சுரண்டித் தகர டின்னில் சேர்த்து, அந்த ஆண்டு எந்தப் பட்டறையின் முறையோ அந்தப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுப்பார். பதிலுக்கு அந்தப் பட்டறை, அந்த ஆண்டில் சாகும் ஏழைகளுக்குச் சவப்பெட்டி செய்து தரும். துண்டுகளை ஏன் மறுபடியும் ஏற்றி எரித்துத் தீர்க்க வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. காலையில் ஏன் பல் துலக்க வேண்டும் என்று எவரும் கேட்காததைப் போல.

பட்டறைக்காரன் இஞ்ஞாசியின் முறை வந்த ஆண்டில், கல்லறைத் திருநாளன்று மாலை ஐந்தரை மணிக்கு, மலையிலிருந்து ஒரு மழை இறங்கியது. அது தூறலாகத் தொடங்கிப் பின் வலுக்கிற மழையாக இல்லாமல், குடத்தைக் கவிழ்த்தது போல ஒரே அடியாக விழுந்த மழையாக இருந்ததால், இருநூறு கல்லறைகளின் மேல் நின்ற முந்நூறு சுடர்களும் ஒரே நொடியில் சீறி அணைந்தன. தங்கள் இறந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்த மனிதர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பாலும் துண்டாலும் தலையை மூடிக்கொண்டு ஓடினார்கள். அண்ணன் சந்தியாகுவின் கல்லறைக்கு முன்னால் நின்றிருந்த இஞ்ஞாசியும் ஓடினான். அவனும் பேச்சைப் பாதியில்தான் விட்டுப் போனான்.

மறுநாள் கோயில்பிள்ளை ஈர மெழுகுவர்த்திகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"திரியெல்லாம் ஊறிக் கிடக்கு இஞ்ஞாசி. ரெண்டு நாள் காயப்போட்டு, ஏத்தி எரியவிட்டுட்டுத் தாரேன்."

"எரியவிட்டா என்ன மிஞ்சும் அண்ணாச்சி? கையளவு. இப்பம் பாருங்க, பாதிப் பாதியாக் கிடக்கு. ரெண்டு டின்னு நெறையும்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"மழை முறை பாத்தா பெஞ்சிச்சு? வச்சிட்டுப் போங்க. குளிர்ல நிக்கியளே, தேத்தண்ணி சொல்லட்டா?"

கோயில்பிள்ளைக்கு அன்று மூட்டுவலி. கல்லறைத் தோட்டமோ சேறு. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாக்கை வைத்துவிட்டுப் போனார். பெரிய தவறுகளில் பாதி, யாரோ ஒருவருடைய மூட்டுவலியும் யாரோ ஒருவருடைய ஆசையும் ஒரே வாசலில் சந்தித்துக்கொண்டதால் நிகழ்ந்தவை என்பதை வாசிப்பவர் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்கட்டும்.

மெழுகைப் பற்றி இஞ்ஞாசிக்குத் தெரிந்த அளவு அந்தத் தெருவில் வேறெவருக்கும் தெரியாது. மற்ற எட்டுப் பட்டறைக்காரர்களும் அவனிடம்தான் வந்து கேட்பார்கள். மேசைக்கு எண்ணெய் ஆகாது, எண்ணெய் மரத்தூளைக் கூட்டிக் களியாக்கும், பலகையில் கறையாக ஏறும் என்பான். கிரீஸ் அதைவிடக் கேடு என்பான். தேன்மெழுகு மணக்கும், மரத்துக்கு மினுக்கம் தரும். ஆனால் சாரல் காலத்துக் குளிரில் அது பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆகவே அதை மேசைப் பக்கமே கொண்டுவராதே என்பான். வர்த்தி மெழுகுதான் மேசைக்கு உகந்தது. உருக்கி மெல்லியதாய்த் தேய்த்து, காய்ந்ததும் துணியால் துடைத்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும்வரை துடைத்துவிட்டால், அந்த ஒன்றுமில்லாததுபோல மிஞ்சுவதே போதும், மரம் நீரில் விட்ட இலையைப் போலப் போகும் என்பான். இவ்வளவும் சரியாகச் சொல்வான். இந்த அறிவு தனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

அது ஆறு ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் ஆனி மாதத்தில் வந்தது. பலகையை ஏற்றி ரம்பத்தை நோக்கித் தள்ளுவதற்கென்று ஒரு மரச்சட்டம் உண்டு, ஜிக் என்பார்கள், மேசையில் வெட்டிய இரண்டு காடிகளில் அது முன்னும் பின்னும் ஓட வேண்டும். மலைத்தேன் எடுப்பவர்களிடம் வாங்கிய தேன்மெழுகை, அதன் மணத்தில் மயங்கி, இஞ்ஞாசி அந்தச் சட்டத்தின் அடியில் தேய்த்தான். சாரல் காற்று வீசிய அன்று காலையிலேயே சட்டம் நடுவழியில் இரண்டு முறை பிடித்தது. மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு வர்த்தியைத் தேய்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது; கல்யாண வீட்டுக் கதவுநிலை அன்று போயாக வேண்டும் என்பதால், மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. பதினோரு மணிக்குச் சந்தியாகு அவன் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொண்டான். சட்டம் மூன்றாம் முறை பிடித்தது. சந்தியாகு உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினான். சட்டம் திடீரென்று விடுபட, பலகை ரம்பத்தில் கோணலாய் மாட்டித் திருப்பியடித்தது. நெஞ்சுக்குக் கீழே விழுந்த அந்த ஒரே அடியில், அன்று பொழுது சாய்வதற்குள் சந்தியாகு இறந்துபோனான்.

கூடிய கூட்டத்தில் யாரோ, எப்படி நடந்தது, இருபது வருச அனுபவமுள்ள ஆளாயிற்றே என்று கேட்டார்கள். இஞ்ஞாசி வாயைத் திறந்தான். "அண்ணன் காலையிலேயே கொஞ்சம் போட்டிருந்தான்" என்றான். சந்தியாகு திருவிழாக்களில் குடிப்பவன்தான் என்பதால் ஊர் அதை நம்பியது. சொன்ன சொல் அவன் நாவிலிருந்து தடையில்லாமல் வழுக்கி வெளியேறியது. மரம் அப்படிப் போனால் அது நல்ல பட்டறை, சொல் அப்படிப் போனால் அங்கே ஏதோ ஒரு மெழுகு தேய்க்கப்பட்டிருக்கிறது என்று அறிய வேண்டும்.

அன்றிலிருந்து சந்தியாகுவின் மனைவி மதலேன் குடித்துச் செத்தவனின் பெண்டாட்டியானாள். கோயிலில் முன்வரிசையில் இருந்தவள் தூண் மறைவுக்கு இடம் மாறினாள். மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போயின. இஞ்ஞாசி அவளுக்குத் தன் பட்டறையிலேயே உப்புத்தாள் தேய்க்கும் வேலை கொடுத்தான். ஊர் அவனைப் பாராட்டியது. ரம்ப மேசையிலிருந்து பத்தடி தள்ளி அவள் ஆறு ஆண்டுகளாக உட்கார்ந்து கதவுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டுக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாளன்று, அவள் வந்துவிட்டுப் போன பிறகு, இஞ்ஞாசி அண்ணனுக்கு ஒரு வர்த்தி ஏற்றி, யாரும் கேட்காத தாழ்ந்த குரலில் முழு உண்மையையும் சொல்வான். இறந்தவனிடம் சொல்லிவிட்டால் போதும் என்று அவன் நம்பினான்.

கோயில்பிள்ளை வைத்துப்போன பாதி வர்த்திகளை உருக்கி மேசையில் தேய்த்த மூன்றாம் நாள் காலையில் மின்சாரம் போனது. ரம்பம் ஓடும்போது அதன் இரைச்சலில் வேறெதுவும் கேட்காது. அன்று ரம்பம் நின்றபின், அறுக்க எடுத்த அயினிப் பலகையை இஞ்ஞாசி சும்மா பின்னால் இழுத்தபோது, மேசைக்கும் பலகைக்கும் நடுவிலிருந்து ரொட்டிக்கடை அன்னத்தாயின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உங்க செருப்பை இன்னும் வாசல்லதான் போட்டு வச்சிருக்கேன். வாரவன் போறவன் வீட்ல ஆம்பள இருக்கான்னு நெனச்சுக்கிடட்டும். ஆனா தினமும் அதைத் தொடைக்கும்போது எனக்கு…"

அதற்குமேல் ஒரு சீறல். நீர் பட்ட சுடரின் சீறல். இஞ்ஞாசி பலகையை நிறுத்தினான். மதலேன் உப்புத்தாளை நிறுத்தாமல், "அன்னத்தாய்க்கா குரல்லா அது? புருசன்கிட்டப் பேசுதா" என்றாள், பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் தாண்டிக் கேட்டதைப் போல.

செய்தி பால்காரனோடு தெருவைச் சுற்றி வந்தது. அன்னத்தாய் மாவுக் கையோடு வந்து, தன் குரலைத் தானே கேட்டாள். குரல் நின்ற இடத்தில், கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்று பாராமல், விட்டுப்போன சொல்லைத் தன் வாயாலேயே சொல்லி முடித்தாள்: "…உங்க மேல கோவம்தான் வருது. என்னை விட்டுட்டுப் போனதுக்கு." அதன்பிறகு எத்தனை பலகையைத் தள்ளினாலும் அன்னத்தாயின் குரல் எழவில்லை. பாதியில் நின்றது முடிந்துவிட்டது, ஆகவே அது போய்விட்டது என்று தெரு புரிந்துகொண்டது. அதற்கு மேல் எவரும் ஆராயவில்லை.

அடுத்த வாரத்துக்குள் இதற்கென்று ஒரு நடைமுறை உருவானது. காலை பத்து மணிக்கு ரம்பத்தை நிறுத்த வேண்டும். தேத்தண்ணீர் நேரம் முடியும்வரை ஊர்க்காரர் வரிசையில் வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகைத் துண்டை மேசைமேல் ஒருமுறை தள்ளிப் பார்க்கலாம். தேக்கில் சொற்கள் தெளிவாய் வரும். வேம்பில் வரும் குரல்களில் ஒரு கசப்பு இருக்கும். ரப்பர் மரத்தில் வாய்க்குள்ளேயே மென்று பேசுவது போலிருக்கும் என்று எல்லோரும் அறிந்துகொண்டார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், பிறர் பேச்சானால் காதைத் திருப்பிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முதல் கட்டளையை எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

ஒரு மாமியார் இறந்த மருமகளிடம், உன் மீன்குழம்பு நன்றாகத்தான் இருந்தது, வேண்டுமென்றேதான் உப்பு கூட என்று சொன்னேன் என்றாள். ஒரு மகன் தகப்பனிடம் ரேடியோவை உடைத்தது தான்தான் என்றான். ஒரு குடும்பத்தில் சண்டை தீர்ந்தது, இன்னொன்றில் தொடங்கியது. ஒருநாள் ஒரு பலகைக்கு அடியில் பேச்சே இல்லாமல், ஒரு பெண்ணின் மூச்சு மட்டும், ஏறி இறங்கி ஏறி, சொல்லாகாமலே நின்றது. வரிசையில் நின்றவர்கள் யாருடையது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அது என்னுது" என்றாள் மதலேன், தேய்த்துக்கொண்டே. "நான் அங்க போனா ஒண்ணும் பேசுறதில்ல. அன்னைக்குக் குடிச்சிட்டா மெஷின்கிட்ட வந்து நின்னீயன்னு அவர்ட்ட கேக்கணும்னு நெனப்பேன். கேக்க வாய் வராது."

இஞ்ஞாசியின் கையிலிருந்த பலகை ஈரமாகிவிட்டது; வேர்வை. தன்னுடைய வர்த்தியும் அதே சட்டியில் உருகி அதே மேசையில் ஏறியிருக்கிறது என்பதை அவன் முதல்நாளே அறிந்திருந்தான். இரும்பின் எந்த அங்குலத்தில் தன் குரல் படுத்திருக்கிறது என்பதை மட்டும் அறியவில்லை. ஒவ்வொரு பத்து மணியும் அவனுக்கு ஒரு தீர்ப்பு நாளாயிற்று. யாராவது ஒருவர் பலகையை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் போதும்; பத்தடி தூரத்தில் மதலேன் இருக்கிறாள்.

ஆகவே அவன் தனக்குத் தெரிந்த அறிவையெல்லாம் மேசைக்கு எதிராகத் திருப்பினான். ஒரு ஞாயிறு பிற்பகலில் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். இரும்பின் துளைகள் திறந்துகொண்டு குரல்கள் முன்னைவிட உரக்க வந்தன. தையல் மெஷின் எண்ணெயைத் தடவினான். தூள் அப்பிக்கொண்டு குரல்கள் இருமலோடு வந்தன. ஆறு ஆண்டுகளாகத் தொடாத தேன்மெழுகைக்கூட எடுத்துப் பூசினான். குரல்கள் வாயில் தேனை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குழைந்து நீண்டன, தள்ளிய பலகையோ மேசையின் நடுவில், அதே இடத்தில், மூன்று முறை பிடித்து நின்றது. இஞ்ஞாசி அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கைகளைச் சோப்பு போட்டுக் கழுவினான். மணம் போகவில்லை.

கடைசியில் அவன் கார் பாலீஷ் வாங்கிவந்தான். வண்டிகளை மினுக்க விற்கும் அந்தக் களிம்பில் சிலிக்கோன் என்ற வழுக்குப் பொருள் கலந்திருக்கும், மரவேலை நடக்கும் இடத்தில் அதன் டப்பாவைத் திறக்கவே கூடாது என்று எட்டுப் பட்டறைகளுக்கும் எச்சரித்தவன் அவன்தான். எது ஆகாது என்று ஊருக்கு உரைத்தானோ அதையே, தன் ஒருவனுக்காக, கதவைச் சாத்திக்கொண்டு தடவினான்.

மேசை ஊமையாயிற்று. மறுநாள் பத்து மணிக்கு வந்தவர்கள் தேக்கைத் தள்ளினார்கள், வேம்பைத் தள்ளினார்கள். மரம் காற்றில் போவது போலச் சத்தமில்லாமல் போனது. எல்லாரும் பேசி முடித்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். ஒன்றிரண்டு கிழவர்கள் மட்டும், தங்கள் முறை வருவதற்குள் இப்படியாகிவிட்டதே என்று பலகைத் துண்டோடு சிறிது நேரம் நின்றார்கள். மதலேன் அன்று முதல்முறையாக உப்புத்தாளை நிறுத்தி, மேசையை ஏறிட்டுப் பார்த்தாள். "என்ன தம்பி தடவுனீங்க?" என்றாள். "வழக்கமான வர்த்திதான் மைனி" என்றான். இந்தச் சொல்லும் நன்றாகவே வழுக்கிப் போனது.

மூன்றாம் நாள் பாலீஷ்காரர் மைதீன்பிச்சை வந்தார். தெருவின் ஒன்பது பட்டறைகளுக்கும் அவர்தான் மெருகேற்றுபவர். புதிதாய்ச் செய்த ஒரு கதவுக்கு நான்கு பூச்சு கொடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"வே இஞ்ஞாசி, இங்க வாரும். கதவைப் பாரும்."

பூசிய மெருகு, பலகையில் படியாமல், காசளவு காசளவாய் விலகி நின்றது. விலகிய ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வெறும் மரம் தெரிந்தது. கதவு முழுவதும் கண்கள். இமையில்லாத இருநூறு கண்கள் இஞ்ஞாசியைப் பார்த்தன.

"தொடச்சிட்டு இன்னொரு தடவை போடுங்க பாய்."

"நாலு தடவை போட்டாச்சு. எனக்கு முப்பத்தஞ்சு வருச சர்வீஸு. என்னத்தையோ மரத்துக்கு ஊட்டியிருக்கீரு. நீரே சொல்லிட்டா நல்லது, இல்லேன்னா கதவு சொல்லும் போல இருக்கு. முழிக்கிற முழியைப் பாரும்."

அந்த மேசையில் அறுபட்ட எதுவும் மெருகை ஏற்கவில்லை. வீடுகளுக்குப் போன சன்னல்களும் அலமாரிகளும் கண் திறந்துகொண்டன. மக்கள் முதலில் வருந்தினார்கள். பிறகு, மக்களின் வழக்கப்படியே, பழகிக்கொண்டார்கள். உடைமாற்றும்போது அலமாரிமேல் துண்டைப் போட்டு மூடினார்கள். குழந்தைகள் கதவுக் கண்களை எண்ணிக் கணக்குப் படித்தார்கள். "இஞ்ஞாசி செஞ்ச கதவு இருக்க வீட்ல திருடன் வரமாட்டான்" என்று மைதீன்பிச்சை தேத்தண்ணீர்க் கடையில் சொல்லிச் சிரிக்கவைத்தார். ஆனால் அன்று வீடு திரும்பிய இஞ்ஞாசி, தான் செய்த தன் வீட்டு நிலைக்கதவைத் திறக்கப் போனவன், அதன் பார்வையைத் தாங்காமல் பின்வாசல் வழியாக நுழைந்தான். அவன் படுத்த கட்டிலும் அவனைப் பார்த்தது.

பொய் ஒன்றைப் போர்த்துவதற்குப் பூசப்படுவது பொய்யோடு நின்றுவிடுவதில்லை. அது கைக்கு வரும், கையிலிருந்து செய்யும் பொருளுக்கெல்லாம் போகும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று அது இஞ்ஞாசியின் நெற்றிக்கு வந்தது. வரிசையில் போய் நின்றான்; சாமியார் சாம்பலைத் தொட்டு அவன் நெற்றியில் சிலுவை வரைந்தார்; சாம்பல் படியவில்லை. மறுபடியும் தொட்டு அழுத்தி வரைந்தார். சாம்பல் வட்டமாய் விலகி, நடுவில் வெறும் தோல் தெரிய, நெற்றியின் நடுவே ஒரு கண் திறந்தது. சாமியார் அவன் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளை அழைத்தார். வெளியே படியிறங்கும்போது எல்லோர் நெற்றியிலும் சாம்பல் இருந்தது. தூண் மறைவிலிருந்து எழுந்து வந்த மதலேனின் நெற்றியில், கறுப்பாய், திருத்தமாய், ஒரு சிலுவை இருந்தது.

இஞ்ஞாசி மறுநாள் பட்டறையைத் திறந்து, வேலையாட்களுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு, மேசையைத் தேய்க்கத் தொடங்கினான். டர்ப்பன்டைனும் இரும்புத் தேய்ப்புத்தாளுமாக இரண்டு பகல்கள், தோள்பட்டை விட்டுப்போகும்வரை, கார் பாலீஷின் கடைசிப் படலம் போகும்வரை, இரும்பு சாம்பல் நிறத்தில் வெறுமையாய்த் தெரியும்வரை தேய்த்தான். அதோடு குரல்களும் போயிருக்க வேண்டும். அப்படியே விட்டிருந்தால் அவன் தப்பியிருப்பான். எவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் மெழுகு உருக்கிய சட்டியின் அடியில் ஒரு விரல் தடிமனுக்கு மிச்சம் உறைந்து கிடப்பதை அவன் கண்டான். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அடுப்பை மூட்டி, உருக்கி, மெல்லியதாய்த் தேய்த்து, காயவிட்டு, துணியால் துடைத்தான். கார் பாலீஷைக் கதவைச் சாத்திக்கொண்டு தடவியவன், இதையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தான். மறுநாள் காலை, மதலேன் வந்ததும், கதவை மறுபடியும் சாத்தினான்.

"மைனி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க." அவள் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் செத்த அன்னைக்கு, ஜிக்குல தேன்மெழுகு தேச்சது நான்தான். சாரல்ல அது பிடிச்சிட்டு. அண்ணன் அழுத்தினான். அதனாலதான் பலகை திருப்பி அடிச்சது. என் தப்புதான் மைனி. தெரியாம நடந்துபோச்சு."

உப்புத்தாள் கதவின்மேல் போய் வந்தது. பிறகு நின்றது.

"அவ்வளவுதானா தம்பி?"

"அவ்வளவுதான்."

அவள் எழுந்து, மேசையில் புதிதாய் ஏறியிருந்த மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூலையில் சாத்தியிருந்த தேக்குப் பலகையில் ஒன்றைத் தேர்ந்து தூக்கிவந்து, ரம்பம் ஓடாத மேசையின்மேல் படுக்கவைத்து, ஆறு ஆண்டுகள் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து, மெதுவாகத் தள்ளினாள். முதல் சாணில் ஒரு முதியவரின் முனகல் வந்தது. இரண்டாம் சாணில், தாழ்ந்த குரலில், தேக்கின் தெளிவோடு, இஞ்ஞாசி பேசினான்.

"அண்ணே, இந்த வருசமும் வந்திருக்கேன். காலையிலேயே ரெண்டு தடவை பிடிச்சது அண்ணே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தொடைக்கல. நீ மெஷின்கிட்ட வரும்போது சொல்லியிருக்கலாம், சொல்லல. அதைக்கூட நீ மன்னிச்சிருவே. ஆனா மைனி முகத்தைப் பாக்க முடியல. நீ குடிச்சிருந்தேன்னு ஊர்ல சொன்னது…"

சீறல். மழை. முந்நூறு சுடர்கள் அணையும் ஓசை பட்டறைக்குள் நிறைந்து அடங்கியது.

மதலேன் பலகையை நிறுத்தினாள், கையை எடுக்கவில்லை. வெளியே பத்து மணி ஆகியிருக்க வேண்டும். மேசையைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறான் என்ற செய்தி தெருவில் பரவியிருந்ததால், பழைய வழக்கப்படி சிலர் பலகைத் துண்டுகளோடு வாசலில் வந்து நிற்பதும், மைதீன்பிச்சை ஏதோ சொல்ல அவர்கள் சிரிப்பதும் கேட்டது.

"முடி" என்றாள் மதலேன்.

ஆறு ஆண்டுகளில் அவள் அவனை ஒருமையில் அழைத்தது அதுவே முதல்முறை. இஞ்ஞாசி வாயைத் திறந்தான். எப்போதும் வழுக்கிச் செல்லும் நாக்கு, நடுவழியில் பிடித்தது. மீண்டும் திறந்தான், மீண்டும் பிடித்தது. மூன்றாம் முறை உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான்.

"…நான்தான். அண்ணன் குடிக்கல மைனி. அன்னைக்கு ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல."

அவள் அழுவாள் என்று அவன் நினைத்தான். அடிப்பாள் என்று நினைத்தான். இரண்டுக்கும் ஆயத்தமாய் நின்றான். அவள் இரண்டையும் செய்யவில்லை. சேலைத் தலைப்பால் பலகையின் மேலிருந்த தூளைத் துடைத்தாள், ஒருவர் முகத்தைத் துடைப்பது போல. பிறகு வாசலை நோக்கி நடந்து, தாழ்ப்பாளில் கை வைத்துத் திரும்பினாள்.

"என்கிட்ட முடிச்சாப் போதாது. நீ சொன்னது என்கிட்ட இல்ல, ஊர்கிட்ட. பலகையைத் திரும்பவும் தொடக்கத்துக்கு இழு. நான் கதவைத் திறக்கேன்."

"மைனி, ஒரு நிமிசம்."

"ஆறு வருசம் தந்திருக்கேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள்.

வெளிச்சத்தோடு ஊர் உள்ளே வந்தது: பலகைத் துண்டுகளோடு கிழவர்கள், மாவுக் கையோடு அன்னத்தாய், முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு கோயில்பிள்ளை, தூரிகையோடு மைதீன்பிச்சை. பாதியில் நின்ற பேச்சை முடிப்பது ஊருக்குப் பழகிய விஷயம் என்பதால், என்ன நடக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். இந்த முறை பலகையைத் தள்ளியது இஞ்ஞாசி. தன் குரல் சொல்லச் சொல்லத் தள்ளினான். சீறல் வந்த இடத்தில், நிறுத்தாமல், எல்லோரையும் பார்த்துச் சொல்லி முடித்தான். மேசை அடங்கியது. கோயில்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "நானும் எரியவிட்டிருக்கணும்" என்றார்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வோம். மதலேன் அந்தப் பட்டறைக்கு மறுபடி வரவில்லை. தெருக்கோடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூண் மறைவைத் தாண்டி நடந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அங்கே இருந்தவர்கள் தள்ளி இடம் விட்டார்கள். கண் திறந்த கதவுகளை ஒவ்வொரு வீடாகப் போய்ச் சுமந்துவந்து, இழைத்து, மைதீன்பிச்சையின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே இஞ்ஞாசி மறுமெருகு ஏற்றிக் கொடுத்தான். அதற்கு எட்டு மாதமாயிற்று. மன்னிப்பு என்ற சொல்லை அவன் அவளிடம் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை. சிலவற்றைக் கேட்டு வாங்க முடியாது என்பதை அவன் அறிந்துகொண்டான், நாமும் அறிந்துகொள்வோம்.

மறு ஆண்டுக் கல்லறைத் திருநாளிலும் ஐந்தரை மணிக்கு மழை இறங்கியது. எவரும் ஓடவில்லை. கணவாய்ப்பேட்டை முழுவதும் நனைந்தபடி நின்று, தன் குடைகளைத் தன் தலைக்குப் பிடிக்காமல் சுடர்களுக்குப் பிடித்தது. குடை கொண்டுவர மறந்த இஞ்ஞாசி அண்ணனின் கல்லறைக்கு ஒருபக்கம் குந்தி, இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துத் தன் வர்த்தியைக் காத்தான். உருகிய மெழுகு விரல்மேல் வழிந்தபோதும் கையை எடுக்கவில்லை. மறுபக்கம் மதலேன் தன் வர்த்திக்குக் குடை பிடித்து நின்றாள். இந்த ஆண்டு அவள் பேசிக்கொண்டிருந்தாள், கணவனிடம், நெடுநேரமாக, மகளுக்கு வந்திருக்கும் புதிய சம்பந்தத்தைப் பற்றி. இஞ்ஞாசியின் விரலிடுக்கில் நீர் இறங்கிச் சுடர் ஒருமுறை துடித்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை, முகத்தையும் திருப்பவில்லை, குடையை மட்டும் ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.